மின்சாரம் ஒழுகிய இடங்கள்: ஒரு சேலத்து வீட்டின் கணக்கு

2023 ஏப்ரல் முதல் வாரத்தில் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் வெள்ளை அட்டையில் 642 என்று எழுதிவிட்டுப் போனார். பிப்ரவரி, மார்ச் என்று இரண்டு மாதத்துக்கு 642 யூனிட். கத்திரி வெயில் இன்னும் தொடங்கவே இல்லை. ஏ.சி. மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு இரவுகள்தான் ஓடியிருக்கும். பில் 3,128 ரூபாய்.

தொகையைவிட அது வந்த விதம்தான் என்னை உட்கார வைத்தது. அப்போதிருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் முடித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 ஓடினால் 1,725 ரூபாய். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101 முதலே 4.50 கணக்கு. மேலே போகப் போக யூனிட் 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறும். அதாவது நாங்கள் 500க்கு மேல் எரித்த 142 யூனிட்டுக்காகக் கூடுதலாகக் கட்டியது 1,403 ரூபாய். கீழேயுள்ள 500க்கு மொத்தமே 1,725தான்.

இன்னொன்றும் இருந்தது. மனைவியின் ஊர் மேட்டூர். ஓமலூரிலிருந்து மேட்டூர் அணைக்குப் போகும் ரயில் பாதையில் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி வண்டிகள் போகும். ஐம்பது பெட்டிக்கு மேல் இருக்கும். மகன் ஒவ்வொரு விடுமுறையிலும் அதை எண்ணுவான். அந்த நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அந்த ஏப்ரலில் தமிழகத்தின் உச்ச மின்தேவை 19,000 மெகாவாட்டைத் தாண்டியது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் தயாராக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 642 யூனிட் என்றால் சுமார் 450 கிலோ. இதை மகனிடம் சொன்னபோது, "நம்ம வீட்டுக்குன்னு எத்தனை பெட்டிப்பா?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

எது எவ்வளவு தின்கிறது

எல்லோரும் முதலில் ஏ.சி.யைத்தான் குற்றம் சொன்னோம். அளக்காமல் எதையும் வாங்குவதில்லை, மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். 900 ரூபாய்க்கு ஒரு பிளக் மீட்டர் வாங்கினேன். சுவர் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகிவிட்டால், அந்த நேரத்தில் எத்தனை வாட் போகிறது, இதுவரை எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும். ஃபிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் இதில் அளந்தேன்.

ஃபேன், மோட்டார், ஏ.சி. ஆகியவற்றுக்கு அது உதவாது. அதற்கு வீட்டு வாசலில் இருக்கும் இ.பி. மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல் என்று அச்சிட்டிருக்கிறது. உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 3200 என்றால், 1000 வாட் ஓடும்போது 1.125 வினாடிக்கு ஒரு முறை மின்னும். 100 வாட் என்றால் 11.25 வினாடிக்கு ஒரு முறை. மற்ற லைன்களின் பிரேக்கர்களையும் இறக்கிவிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, மகன் செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நின்றான். 15 வினாடிக்கு ஒரு மின்னல். கணக்குப் போட்டால் 75 வாட். பத்து மின்னலுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால் இன்னும் சரியாக வரும்.

ஒரு வாரம் அளந்த பிறகு நோட்டில் இருந்த தினசரிக் கணக்கு இது. நான்கு ஃபேன்கள் சேர்த்து 48 மணி நேரம் ஓடி 3.6 யூனிட். ஃபிரிட்ஜ் 2.6. தண்ணீர் மோட்டார் 1.7. ஏ.சி. இரண்டு மாதச் சராசரியில் 0.8. விளக்குகள் 0.5, டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் 0.5, மிக்ஸி கிரைண்டர் அயர்ன்பாக்ஸ் வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து 0.3. கூட்டினால் 10. ஆனால் 642ஐ 60 நாளால் வகுத்தால் 10.7 வருகிறது. 0.7 யூனிட் எங்கே போகிறது என்று தெரியவில்லை. நோட்டில் அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

ஏ.சி. நான்காவது இடத்தில்தான் இருந்தது. 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 2.6 யூனிட் எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபிரிட்ஜ் ரப்பர்

2009இல் எங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. அதை மாற்ற அம்மாவுக்கும் மனைவிக்கும் மனமில்லை, எனக்கும்தான். பிளக் மீட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கம்ப்ரஸர் ஏறக்குறைய 45 நிமிடம் ஓடியது. நன்றாக இருக்கும் ஃபிரிட்ஜ் இடையிடையே நின்று ஓய்வெடுக்க வேண்டும்.

பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, மெல்ல இழுத்துப் பார்த்தேன். ரப்பர் நன்றாக இருந்தால் நோட்டு பிடித்துக்கொண்டு வரும். கதவின் நான்கு பக்கமும் அரையடிக்கு ஓரிடமாகச் சோதித்தேன். மேல்பக்கம் பிடித்தது. கீழே, கீல் இருக்கும் மூலையில், நோட்டு தானாகவே விழுந்தது. இரவில் உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் அந்த மூலையில் வெளிச்சக் கோடு தெரிந்தது. அந்த வழியாகத்தான் நாள் முழுக்கச் சமையலறையின் வெக்கை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஃப்ரீசரில் வாரா வாரம் பனி கட்டியதற்கும் அதுதான் காரணம். காற்றோடு வரும் ஈரம்தான் பனியாகிறது.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர். ரப்பரின் மடிப்புக்குள் பதினான்கு வருட அழுக்கு இருந்தது. துடைத்து, உலர்த்தி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, அமுங்கிப்போன இடத்தை விரலால் இழுத்துவிட்டேன். கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் அந்த மூலையில் ரப்பர் கிழிந்தே போயிருந்தது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பழைய பேருந்து நிலையம் பக்கம் உதிரிபாகக் கடையில் நீள அகலம் சொல்லி ஒரு ரப்பர் வாங்கி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் அளவு சரி, ஆனால் பின்பக்க விளிம்பு வேறு மாதிரி. சிலவற்றில் ரப்பரைக் காடியில் அழுத்திச் செருக வேண்டும். எங்களுடையதில் உள்பக்கப் பிளாஸ்டிக் தகட்டின் அடியில் வைத்துத் திருகு போட்டு இறுக்க வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்தார். "பழைய ரப்பர்ல ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துட்டு வாங்க சார், அதப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். நீங்கள் செய்வதாக இருந்தால் முதல் தடவையே அப்படிக் கொண்டுபோங்கள். கிழிந்த மூலையிலேயே வெட்டிக்கொள்ளலாம். 750 ரூபாய் ஆனது.

மாற்றியது ஒரு ஞாயிறு காலை. பிளக்கைப் பிடுங்கி, சாமான்களை எடுத்துப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடங்கினேன். ரப்பரின் உதட்டைத் தூக்கினால் அடியில் வரிசையாகத் திருகுகள். அவற்றை முழுவதுமாகக் கழற்றக் கூடாது. கழற்றினால் உள்தகடு கையோடு வந்து, கதவே முறுக்கிக்கொள்ளும். மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தினால் பழைய ரப்பர் நழுவி வந்துவிடும். புதிய ரப்பர் பெட்டிக்குள் மடிந்திருந்ததால் மடிப்புகள் அப்படியே நின்றன. பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அகலமான டப்பில் பத்து நிமிடம் ஊறவிட்டதும் மடிப்பு இளகிவிட்டது. முதலில் நான்கு மூலைகளையும் செருகி, பிறகு நடுப்பகுதிகளைச் செருகினேன். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் கதவு கோணிக்கொள்ளும்.

சாத்திப் பார்த்தேன். கீழ் மூலையில் நோட்டு இன்னும் லேசாக வந்தது. அந்த இடத்துக்கு மறுபடி சூடு காட்டி, கதவைச் சாத்தி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து ஒரு ராத்திரி விட்டோம். காலையில் பிடித்துக்கொண்டது.

கையோடு ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பி வலையில் படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடுவது அந்தக் கம்பிதான். தூசி போர்த்தியிருந்தால் வெப்பம் போகாது. சுவரோடு ஒட்டி நின்ற ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தோம். குளிரவில்லை என்று 5இல் வைத்திருந்த குமிழை 3க்குக் குறைத்தோம். மூன்று நாள் அளந்ததில் சராசரி 1.7 யூனிட். ஒரு நாளைக்கு 0.9 மிச்சம். கம்ப்ரஸர் நின்றதும் சமையலறையில் ஓர் அமைதி வந்தது. அந்தச் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தோம்.

மோட்டாரும் சொட்டு நீலமும்

எங்கள் தெருவுக்கு மேட்டூர்த் தண்ணீர் தினமும் வராது. வரும்போது தரைத்தொட்டியில் பிடித்து, ஒரு எச்.பி. மோட்டார் வைத்து மாடியிலுள்ள 1,000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றுவோம். மோட்டார் எடுப்பது சுமார் 1,000 வாட். நோட்டில் நேரம் எழுதியபோதுதான் தெரிந்தது: தொட்டி நிறைய 50 நிமிடம், தினமும் இரண்டு முறை. முன்பெல்லாம் அரை மணிக்குள் நிறைந்துவிடும் என்று அம்மா சொன்னார்.

இங்கே இரண்டு கேள்விகள் இருந்தன. ஏன் மெதுவாக ஏறுகிறது? ஏன் இரண்டு முறை தேவைப்படுகிறது?

முதல் கேள்விக்கு விடை தரைத்தொட்டியின் அடியில் இருந்தது. உறிஞ்சும் குழாயின் முனையில் ஃபுட் வால்வு இருக்கும். தண்ணீரை மேலே போக விடும், திரும்பி இறங்க விடாது. தொட்டி வற்றியிருந்த நாளில் பிளம்பரும் நானும் குழாயை வெளியே தூக்கினோம். வால்வின் சல்லடையில் பாதிக்கு மேல் சேறும் ஒரு பாலித்தீன் கிழிசலும் அடைத்திருந்தன. உள்ளே வாஷர் தேய்ந்து சரியாக உட்காரவில்லை. அடிக்கடி மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியிருந்தது இதனால்தான். புதிய வால்வு 350 ரூபாய். அடியில் படிந்த சேற்றையும் வழித்து எடுத்தோம். சேறு மறுபடி சேரும் என்பதால் வால்வைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் நிறுத்தினோம். அதன் பிறகு தொட்டி 28 நிமிடத்தில் நிறைகிறது.

இரண்டாவதற்கு விடை கிடைக்க ஒரு வாரம் ஆனது. இரவு பத்து மணிக்குத் தொட்டி நிறைய ஏற்றிவிட்டுக் காலை ஐந்து மணிக்கு மூடியைத் திறந்து பார்த்தால் கால் தொட்டி குறைந்திருந்தது. இரவில் யாரும் அவ்வளவு தண்ணீர் செலவழிக்கவில்லை. எந்தக் குழாயும் சொட்டவில்லை. அப்புறம்தான் கழிவறை ஃப்ளஷ் தொட்டி நினைவுக்கு வந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை இரண்டு ஃப்ளஷ் தொட்டிகளிலும் பத்துப் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்தேன். ஒரு கழிவறைப் பீங்கானில் நீலக் கோடு மெல்ல இறங்கியது. வால்வு அடைத்துக்கொள்ளாமல் சத்தமே இல்லாமல் கசிந்திருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத கசிவு. அந்தத் தண்ணீரைத்தான் காசு கொடுத்து மின்சாரம் வாங்கி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அடி வாஷர் 60 ரூபாய்.

இப்போது தினமும் ஒரு முறை மோட்டார் போட்டால் போதும், துணி துவைக்கும் நாளில் மட்டும் இரண்டு. 1.7 யூனிட் 0.7 ஆகியது. காவிரித் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் நின்றதுதான் எனக்கு இதில் அதிக நிறைவு.

ஃபேன்

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, செலவுதான். 75 வாட் எடுக்கும் பழைய ஃபேனுக்குப் பதிலாக பி.எல்.டி.சி. என்னும் குறைந்த மின்சாரம் எடுக்கும் மோட்டார் உள்ள ஃபேன் போட்டால் 30 வாட்தான் ஆகும். 2023 ஜனவரி முதல் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால் பெட்டியைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். நான்கையும் மாற்றவில்லை. அதிக நேரம் ஓடும் மூன்றை மட்டும் மாற்றினேன்: அம்மா அறை 16 மணி நேரம், ஹால் 14, எங்கள் அறை 10. பிள்ளைகள் அறையில் எட்டு மணி நேரம்தான், அது பழையபடியே இருக்கட்டும் என்று விட்டேன். மூன்றும் 8,700 ரூபாய்.

மாட்டும்போது தெரிந்துகொண்டவை இரண்டு. ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனைச் சுவர் ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. ஹாலில் அப்படியே இணைத்தேன். ஃபேன் விட்டு விட்டு ஓடியது. மெயினை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி ஸ்விட்சிலிருந்து நேரடியாக இணைத்ததும் சரியானது. மற்றது அம்மா விஷயம். அவருக்கு ரிமோட்டின் சின்னப் பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இரவில் குளிர்ந்தால் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. சுவர் ரெகுலேட்டரிலேயே வேகம் மாற்றும் வகையும் வருகிறது. அம்மா அறைக்கு அதை வாங்கி, ரிமோட் ஃபேனை எங்கள் அறைக்கு மாற்றினேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1.8 யூனிட் குறைந்தது. விளக்குகள் முன்பே எல்.இ.டி.தான். ஏ.சி.யை 26இல் வைத்து ஃபேனையும் மெல்லிய வேகத்தில் ஓடவிட்டோம்.

பன்னிரண்டு யூனிட்

ஜூன் முதல் வாரம் கணக்கெடுத்தார்கள். அந்த ஏப்ரல், மே வெயிலில் ஏ.சி. பெரும்பாலான இரவுகள் ஓடியது. முந்தைய ஆண்டு அதே இரண்டு மாதத்தில் 718 யூனிட். இந்த முறை 512.

பில் 2,046 ரூபாய். 500இல் நின்றிருந்தால் 1,725. கடைசி 12 யூனிட்டின் விலை 321 ரூபாய்.

மகன் நோட்டைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினான். டி.வி.யை ரிமோட்டில் அணைத்த பிறகும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுக்கிறது என்று ஏப்ரலில் அவனே அளந்து எழுதியிருந்தான். சுவிட்சில் அணைக்கலாம் என்றும் சொன்னான். 10 வாட்தானே என்று நான் விட்டுவிட்டேன். நாள் முழுக்க என்றால் 0.24 யூனிட், அறுபது நாளில் 14 யூனிட். அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் 500க்குள் வந்திருப்போம். அன்றிலிருந்து படுக்கப் போகும்போது அந்த சுவிட்சை அணைப்பது அவன் பொறுப்பு. பள்ளிக்குக் கிளம்பும்போதும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போகிறான்.

ஆகஸ்டில் 431 யூனிட், 1,311 ரூபாய். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 655. மீட்டர், ரப்பர், வால்வு, வாஷர், ஃபேன் எல்லாம் சேர்த்துச் செலவு 10,760 ரூபாய், பிளம்பர் கூலி தனி. சுமார் ஓராண்டில் திரும்பி வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,200 யூனிட், சுமார் 840 கிலோ கரியமில வாயு.

அந்த 0.7

கேள்விக்குறி மட்டும் நோட்டில் அப்படியே இருந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு இரவு வீட்டில் இருந்த எல்லா ஸ்விட்சையும் அணைத்தோம், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினோம். மீட்டர் நின்றிருக்க வேண்டும். ஆனால் 40 வினாடிக்கு ஒரு முறை மின்னியது. 28 வாட். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 0.67 யூனிட். நாங்கள் தேடிய எண் அதுதான்.

பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். மூன்றாவதை இறக்கியதும் மின்னல் நின்றது. இரண்டு நிமிடம் காத்திருந்தும் மின்னவில்லை. அது இன்வெர்ட்டர் போகும் லைன். பேட்டரி முழுதாக நிறைந்த பிறகும் அதைத் தக்கவைக்க இன்வெர்ட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். வயதான பேட்டரியில் அது அதிகமாகும். எங்களுடையது ஐந்து வருடம் ஆனது. மூடிகளைத் திறந்தால் இரண்டு அறைகளில் தண்ணீர் குறைந்திருந்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணினோம். 40 வினாடி அப்படியேதான். பேட்டரி கடைக்காரர் உள்ளிருக்கும் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு அறைகளும் சோர்ந்துவிட்டன, இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம் என்றார்.

அதே 150 ஆம்பியர்-மணி (Ah) அளவிலேயே புதியதைப் போடச் சொன்னார். நான் நோட்டைப் பார்த்தேன். அந்தப் பேட்டரியை வாங்கியபோது கரண்ட் போனால் மூன்று ஃபேன்களுக்கு 225 வாட் தேவைப்பட்டது. இப்போது அதே மூன்றுக்கும் 90 வாட் போதும். அதனால் 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு விலை கேட்டிருக்கிறேன்.